சட்டிக்குள் கார்த்திகைப்பூ: ஆறு மாரி கண்டபின்

லண்டனில் இருக்கிற அக்கா 2019 ஆம் ஆண்டு ஒரு படம் அனுப்பினா. சட்டியில் வைத்த கிளமாட்டிஸ் கொடி, வேலி நிறைய ஊதாப் பூ. "உங்கட வெயிலுக்கு இது எங்க வரப்போகுது" என்று கீழே ஒரு வரியும். அவ சொன்னது சரிதான். குளிர்காலத்தில் உறங்கி எழும்புகிற கொடி அது. வேர்ப்பகுதி குளிர்ந்தே இருக்கவேண்டும். திருகோணமலையில் மார்கழியிலும் நாங்கள் ஃபான் போட்டுத்தான் படுக்கிறோம். ஆனாலும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. அந்த ஆவணியில் ஈச்சிலம்பற்றில் மாமாவின் காணியைத் துப்புரவாக்கும்போது மண்வெட்டியில் இரண்டு கார்த்திகைப்பூக் கிழங்கு அகப்பட்டது. பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தேன். காந்தள், கண்வலிக்கிழங்கு என்றெல்லாம் சொல்கிறார்களே, அதேதான்.

கலப்பைக் கிழங்கு என்ற பெயர் ஏன் வந்தது என்று கையில் எடுத்தவுடன் விளங்கும். இரண்டு கை விரித்த கலப்பை மாதிரியே இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை. அந்த நுனி முறிந்தால் அந்தக் கை அவ்வளவுதான், மற்றப் பக்கத்தால் முளைக்காது. நான் கொண்டுவந்த இரண்டில் ஒன்றை மண்வெட்டி ஏற்கெனவே பதம் பார்த்திருந்தது. ஆகவே கணக்குக்கு ஒன்றரைக் கிழங்கோடு தொடங்கினேன் என்று சொல்லலாம்.

முதல் வருடம் வாயகன்ற, ஆழமில்லாத பிளாஸ்டிக் சட்டியில் வைத்தேன். பிழை. கிழங்கை மூன்று விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்தால் போதும் என்பது உண்மைதான். ஆனால் பழைய கிழங்கு வற்றிப்போய், புதுக்கிழங்கு கீழ்நோக்கி உருவாகிறது. கோடையில் கிளறிப் பார்த்தபோது புதுக்கிழங்கு சட்டியின் அடியில் முட்டி, மடங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகு ஓர் அடிக்கு மேல் ஆழமுள்ள மண்சட்டிதான். ஆற்றுமணல் ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு அரைப்பங்கு, மிச்சம் வளவு மண். தண்ணீர் நிற்காத கலவையாக இருந்தால் சரி, அளவில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் செடி கோபிக்காது.

கோபிப்பது தண்ணீருக்குத்தான். எங்கள் வீடு டச் பே கடற்கரைக்குக் கிட்ட. கிணற்றில் உவர். வாழை, முருங்கை எல்லாம் அதைக் குடித்து வளர்கின்றன. இந்தக் கொடிக்கு அது வேறு விதமான கேடு செய்தது. கார்த்திகைப்பூவின் இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. ஏறுவதற்கு அதைவிட்டால் அதற்கு வேறு கை இல்லை. உவர் தண்ணீர் இலையில் முதலில் எரிப்பது நுனியைத்தான். 2019 ஐப்பசி முடிவில் மழை ஒரு கிழமை விட்டிருந்தது, நானும் கிணற்றுத் தண்ணீரே ஊற்றினேன். நுனியெல்லாம் பழுப்பாகிச் சுருங்கி, பிடிக்க வழியில்லாமல் கொடி சரிந்து விழுந்தது. இப்போது கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைக்கிறேன். மழை விட்ட நாட்களுக்கு அது போதும்.

பிடிப்பதற்குக் கொடுக்கும் பொருளும் மெல்லியதாக இருக்கவேண்டும். மூங்கில் தடி நட்டுப் பார்த்தேன், பிவிசி குழாயும் வைத்தேன். இரண்டும் தடிப்பு, அந்தச் சின்ன நுனியால் சுற்ற முடியவில்லை. கடைசியில் கரையில் கழித்துப் போட்ட மீன்வலைத் துண்டொன்றைக் கழுவிக் காயவைத்துச் சுவரில் கட்டினேன். காலையில் வலைக்கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்த நுனி, அடுத்த நாள் பார்க்கும்போது ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய எதுவும் இப்படி உதவவில்லை.

பக்கத்து வீட்டு அன்ரி இதை முன்வாசலில் வைக்கவேண்டாம் என்று முதல் வருடமே சொன்னா. காரணத்தை அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்வளவுக்கு மாற்றினேன். காலை வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அடிச்சட்டிக்கு முன்னால் துளசிச் சாடியை வைத்து நிழல் கொடுத்தேன். கால் நிழலில், தலை வெயிலில் என்பது அக்கா தன் கிளமாட்டிஸுக்குச் சொன்ன விதி. இதற்கும் பொருந்துகிறது.

பூவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, அடியிலிருந்து தொடங்காமல் நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பாகிறது. ஆறு இதழும் மேல்நோக்கி மடிந்து நெளிந்து நிற்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே வளைந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். விதை வேண்டுமென்றால் ஒரு பூவின் மகரந்தத்தை விரலால் தொட்டு மற்றப் பூவின் அந்த நுனியில் தடவிவிடுங்கள். விதையிலிருந்து பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

2020 டிசெம்பர் 2 இரவு புரெவி புயல் எங்களுக்கு வடக்கே, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. வலையை அறுத்து, கொடியோடு சேர்த்துச் சுருட்டி, சட்டியை மாலையிலேயே குசினிக்குள் இழுத்துவிட்டேன். தண்டு முறிந்தாலும் கிழங்கு கிடந்தது. அந்த முறை தப்பியது.

தப்பாதது அடுத்த வருடம். தை, மாசியில் இலை மஞ்சளாகிக் கொடி காய்ந்துவிடும். அதன்பின் சித்திரையில்லை, ஆனியில்லை, கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்கள் முழுக்கச் சட்டியில் ஒன்றுமே தெரியாது. அந்தக் காலத்தில் தண்ணீர் காட்டக்கூடாது. மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கி வைத்திருந்தேன். அம்மா எடுத்து ஒரு மிளகாய்க் கன்று நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறா. "வெறுஞ்சட்டி எண்டுதானே பிள்ளை நினைச்சன்." கிளறினேன். விரல் கிழங்குக்குள் புதைந்தது, அழுகல் மணம். மிளகாய் மட்டும் அந்த வருடம் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு காயும் ஆயவில்லை, செடியோடு பிடுங்கிப் புதைத்தோம். அழுகிய நஞ்சுக்கிழங்கோடு ஒரே மண்ணில் நின்றது.

நஞ்சு விஷயத்தில் விளையாட வேண்டாம். செடி முழுக்கக் கொல்சிசின் இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் கூடுதல். வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். வாந்தி, வயிற்றோட்டத்தில் தொடங்கி உயிரையும் கொண்டுபோகும். பிழைத்தவர்களுக்குச் சில கிழமையில் தலைமயிர் கொட்டும். கையுறை போட்டே தொடுகிறேன். தவழும் பிள்ளை வந்துபோகிற வீடென்றால் வைக்கவே வேண்டாம்.

இந்த ஊரில் தெருவில் திரிகிற மான்கள் ஒருநாள் வாசல் திறந்திருந்த நேரம் உள்ளே வந்து, செவ்வரத்தையைத் தடியாக்கிவிட்டுப் போயின. கார்த்திகைப்பூவை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கென்றே ஒரு புழு உண்டு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புத் திட்டும். இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் தண்டுதான் மிஞ்சும். மருந்து அடிப்பதில்லை, பின்னேரம் குறடால் பிடுங்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுகிறேன்.

2021 இல் மாமாவிடம் திரும்பவும் கிழங்கு வாங்கித் தொடங்கியது, இப்போது நான்கு சட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் பெயின்ரால் "உள்ளே கிழங்கு" என்று எழுதியிருக்கிறேன். போன மாதம் அக்கா அங்கே ஒரு கடையில் இதே கிழங்கு பைக்கற்றில் விற்கிறார்கள், வாங்கவா என்று கேட்டா. இரண்டு நுனியும் முறியாமல் இருந்தால் மட்டும் வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டாவாம். அவவின் கேள்வி: "சட்டியில் ஒண்டையும் காணேல்லையே, செத்துப்போச்சோ?"