லேசர் பாய்ப்படகு, இரண்டரை வருடம்: எல்லாம் சரி, அந்த மூலை மட்டும்

போன வாரம் படகு பழுது முடிந்து வீடு வந்தது. அன்று ராத்திரியே தூத்துக்குடி நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "அண்ணே, சென்னையில் ஒரு பழைய லேசர் இருக்கு. விலையைக் குறைச்சுட்டாங்க. எடுக்கலாமா?" முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் அரை மணி நேரம் ஒரே ஒரு மூலையைப் பற்றித்தான் பேசினேன் என்று பிறகு வீட்டில் சொன்னார்கள். சரி, எழுதியே வைத்துவிடலாம்.

அளவுகளை நான் சொல்ல வேண்டியதில்லை. 4.23 மீட்டர் நீளம், ஒரு பாய், ஒரு ஆள். என்னுடையது 2019-க்கு முந்தைய உடம்பு, அதனால் லேசர் என்ற பெயரோடே இருக்கிறது. அதன் பிறகு வருவதை ஐஎல்சிஏ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு மினி லாரியில் ஏற்றி வந்த வாடகைக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வந்திருக்கும். இந்தக் கணக்கு என் மனைவியுடையது.

ஓட்டுவது மணக்குடிப் பொழியில், பழையாறு கடலைத் தொடும் இடத்தில். கடலுக்குள் போவதில்லை. ஓகி புயல் வந்த 2017-க்குப் பிறகு அம்மா முன்னால் கடலை விளையாட்டாகப் பேச முடியாது. கள்ளக்கடல் (திடீரெனப் பொங்கி வரும் பேரலை) எச்சரிக்கை வருகிற நாளில் பொழிமுகம் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் முகம் உடைந்து திறந்திருந்தால் நீரோட்டம் வெளியே இழுக்கும், அப்போதும் உள்பக்கம்தான். முகத்தில் மணல் அடைத்துக் கிடக்கிற மாதங்களில் தண்ணீர் குளம் மாதிரி இருக்கும். தனியாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாது.

இனி மூலைக்கு வருகிறேன்.

இந்தப் படகில் மெயின்ஷீட் என்று ஒன்று உண்டு. ஷீட் என்றதும் நான் முதலில் பாயைத்தான் நினைத்தேன். அது பாயைப் பிடித்து இழுக்கிற கயிறு. மணக்குடியில் இருக்கிற என் சித்தப்பா அதைத் தாமான் என்பார். பாயின் அடிப்பக்கத்தைத் தாங்குகிற கட்டைக்குப் பூம் என்று பெயர். கயிறு அந்தப் பூமின் பின்நுனியில் இருந்து கீழே வந்து, படகின் பின்பக்கக் குறுக்குக் கயிற்றில் ஓடும் கப்பிக்குள் நுழைந்து, திரும்ப மேலே ஏறி, பூம் ஓரமாக நடுப்பகுதிக்கு வந்து, நாம் கால் வைக்கிற குழியில் உள்ள கப்பி வழியாகக் கைக்கு வரும். ஒரு கையில் இந்தக் கயிறு, மறு கையில் சுக்கான் பிடி. கொசு கடித்தால் கடித்ததுதான்.

காற்றை எதிர்த்துத் திரும்பும்போது ஒரு தொல்லையும் இல்லை. காற்று முதுகில் இருக்கும்போது திரும்புவதுதான் ஜைப். அதில் பூம் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு நம் தலைக்கு மேல் வீசிப் போகும். நடுவில் ஒரு கணம் மெயின்ஷீட் பின்பக்கத்தில் தொய்ந்து தூளிக் கயிறு மாதிரி தொங்கும். அந்தத் தொய்வு போய்ப் படகின் பின்மூலையில் மாட்டும். வலது பக்கம் திரும்பினால் ஒரு மூலை, இடது பக்கம் திரும்பினால் மறு மூலை. அந்த மூலை கூர்மையும் இல்லை, உருண்டையும் இல்லை. கயிற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தோதாகச் செய்து வைத்த மாதிரி ஒரு சதுரம்.

மாட்டினால் என்ன? பூம் முழுதாக வெளியே போகாது. பாய் பாதியில் நின்று காற்றை வாங்கும். படகு சாய்ந்துகொண்டே காற்றுப் பக்கம் மூக்கைத் திருப்பும். கையில் இருக்கிற கயிற்றை விட்டுப் பிரயோசனம் இல்லை, அதைப் பிடித்திருப்பது மூலை. பின்னால் போய் எடுத்துவிடலாம் என்று நகர்ந்தால், என் 68 கிலோவுக்குப் பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கும். இரண்டு பேர் போகிற படகில் இன்னொருவரை எடுத்துவிடச் சொல்லலாம். இங்கே இன்னொருவர் கிடையாது.

முதல் வருடம் பத்து ஜைப்புக்கு ஏழு மாட்டியது. மிகைப்படுத்தவில்லை, ஒரு டைரியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். மேற்குக் காற்று நன்றாகப் பிடித்திருந்தது. பாலத்துக்கு உள்பக்கம் வேகமாக வந்து ஜைப் போட்டேன். மாட்டியது. கவிழ்ந்தது. கவிழ்வது இந்தப் படகில் ஒரு விஷயமே இல்லை, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற நடுப்பலகையில் ஏறி நின்று உடம்பைச் சாய்த்தால் எழுந்துவிடும். ஆனால் பாய்மரம் ஆறு மீட்டர் உயரம், பொழியில் அந்த இடத்தில் ஆழம் என் நெஞ்சளவு. மரத்தின் நுனி சேற்றில் நட்டுக்கொண்டது. நான் பலகை மேல் நின்று தொங்குகிறேன், படகு அசையவில்லை. 2004 சுனாமியில் போன பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய புதுப் பாலம் மேலே. அதில் பைக்குகள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. ஒரு பையன், "அண்ணாச்சி, மீன் பட்டுதா?" என்று கத்தினான்.

சித்தப்பா வள்ளத்தில் வந்தார். படகின் மூக்கில் கயிறு கட்டி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் பைய இழுத்தார். 'சளக்' என்ற சத்தத்தோடு மரம் சேற்றில் இருந்து கழன்றது. படகு எழுந்தது. மூலையில் மாட்டிய கயிறு அப்படியே இருந்ததால் பாய் உடனே காற்றை வாங்கி மறுபடியும் கவிழ்ந்தது. இரண்டாவது தடவை சித்தப்பா முதலில் மூலையில் கையை வைத்துக் கயிற்றை எடுத்துவிட்டுத்தான் நிமிர்த்தினார். கரைக்கு வந்து சேரும்வரை எதுவும் பேசவில்லை. சாயா குடிக்கும்போது சொன்னார்:

"எலே, ரெண்டு பேரு செய்யுத வேலய ஒருத்தன் செய்யப் போனா கயிறு சும்மா கெடக்குமா? மரத்துல பாய் வச்சிப் போன காலத்துல தாமானுக்குன்னே ஒரு ஆளு இருப்பான் பாத்துக்க. பருமல் தாண்டுத நேரத்துல ஒரு முழம் வலிச்சிட்டு விடணும்லே. வலிச்சிட்டு விடு."

மரம் என்றால் கட்டுமரம், பருமல் என்றால் பாய் கட்டிய கட்டை. சித்தப்பா சின்ன வயதில் தாத்தாவோடு பாய் வைத்துப் போனவர். மோட்டார் வந்த பிறகு பாயைத் தொடவில்லை. அவர் ஒரு வரியில் சொன்னதைத்தான் பயிற்சி வீடியோக்களில் பத்து நிமிடம் சொல்கிறார்கள்: பூம் நடுவைத் தாண்டுகிற கணத்தில் கயிற்றைக் கையால் வெடுக்கென்று இழுத்துத் தொய்வை எடுத்துவிட வேண்டும். அந்தக் கணத்துக்கு முன்போ பின்போ இழுத்தால் பயனில்லை.

இதைக் கற்றுக்கொள்ள வீட்டு முற்றத்தில் இரண்டு பழைய டயர் போட்டு, மேலே படகை வைத்து, மரத்தை நட்டு உட்கார்ந்தேன். மனைவி பூமை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுவார், நான் தலையைக் குனிந்து, இடம் மாறி, ஒரு முழம் இழுப்பேன். மூன்றாவது மாலை அவரே, "இப்ப மாட்டும்", "இப்ப மாட்டாது" என்று முன்கூட்டிச் சொல்லத் தொடங்கிவிட்டார். கண்ணைப் பார்த்தால் தெரிகிறதாம். நான் பூமைப் பார்த்தால் மாட்டுமாம், முன்னால் பார்த்தால் மாட்டாதாம். தண்ணீரில் போய்ப் பார்த்தேன், உண்மைதான்.

நியாயமாகச் சொல்வதென்றால் பாதிக் குற்றம் என்னுடையது. படகோடு வந்த கயிறு இற்றுப்போனதும் வலைக்கடையில் மலிவாக ஒரு கயிறு வாங்கிக் கட்டினேன். வலைக்கு அது நல்ல கயிறு. இங்கே விறைத்துக்கொண்டு, சுருள் சுருளாக நின்று, மூலையைத் தேடிப் போய் மாட்டியது. பிறகு 7 மில்லிமீட்டர் பின்னல் பாலியஸ்டர் கயிறு வரவழைத்தேன். பின்பக்கக் குறுக்குக் கயிறான டிராவலரையும் நான் தளர்வாகவே விட்டிருந்தேன். அதை வீணைத் தந்தி மாதிரி முறுக்கிக் கட்டியதும் மாட்டுவது பாதியாகக் குறைந்தது. அப்புறம் முழம். மூன்றும் சேர்ந்து இன்றைக்குப் பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் நிற்கிறது.

அந்த இரண்டுதான் என்னைக் கொல்கிறது. ஏழு மாட்டியபோது பழகிப்போயிருந்தது. இரண்டு என்றால் எப்போது என்று தெரியாது.

புரூஸ் கிர்பி என்ற கனடாக்காரர் 1969-ல் இந்தப் படகை வரைந்தார். 1971-ல் விற்பனைக்கு வந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டார்கள், 1996-ல் இருந்து ஒலிம்பிக்கில் ஓடுகிறது. நம்ம சென்னை நேத்ரா குமணன் டோக்கியோவுக்குப் போய் ஓட்டியதும் இதே உடம்புதான், பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் சின்னது. எல்லாப் படகும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் ஐம்பது வருடத்துப் பழைய படகும் புதுப் படகும் ஒரே வரிசையில் நிற்க முடிகிறது, என்னை மாதிரி ஆளுக்கு உதிரிப் பாகம் கிடைக்கிறது. அதனால்தான் மூலையும் அப்படியே இருக்கிறது. இரண்டு லட்சம் படகுக்கு நாலு லட்சம் மூலை. நினைத்தால் சில நாள் தூக்கம் வராது.

பழுது பற்றி: பாய்மரம் நிற்கிற குழியின் அடியில் விரிசல். ஒரு ஓட்டம் முடித்துப் பின்பக்க அடைப்பானைக் கழற்றினால் ஒரு வாளித் தண்ணீர் கொட்டும். பழைய லேசர் வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதற்கு முன்னால் அந்தக் குழியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுச் சாயா குடிக்கப் போங்கள். திரும்பி வரும்போது தண்ணீர் இறங்கியிருந்தால் விலையும் இறங்க வேண்டும். நான் ஊற்றவில்லை. குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் ஜூன் மாதம் கொண்டுபோனேன். மேற்குக் கரைத் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையேறி வரிசையில் நிற்கிறது. "இது என்ன, பிள்ளையளுக்கு வாங்குனதா?" என்று கேட்டுவிட்டு ஓரமாகப் போடச் சொன்னார். ஆகஸ்டில்தான் கை வைத்தார். ஆனால் வைத்த கை பொன்னான கை. பழைய ஃபைபரைச் சுரண்டி, காயவிட்டு, மேட் வைத்து ரெசின் பூசியதில் இப்போது ஒரு சொட்டு உள்ளே போவதில்லை.

அவர்தான் பின்மூலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சார், இந்த மூலைல கயிறு பிடிக்குமே. ரெண்டையும் உருட்டி விட்டிரட்டா? ஒரு மணிக்கூர் வேல."

இரண்டரை வருடம் டைரியில் கோடு போட்டவன் நான். "வேண்டாம்ணே, பந்தய விதி ஒத்துக்காது" என்றேன். மணக்குடிப் பொழியில் என்ன பந்தயம்? என்னையும் நாரைகளையும் தவிர அங்கே யாரும் கிடையாது.

இவ்வளவு குறை சொன்னவன் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மாலையில் வெயில் சாயும்போது, காற்று பக்கவாட்டில் சீராக வந்தால், இந்தப் படகு ஒரு இடத்தில் தண்ணீரைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு மேலே ஏறி வழுக்கத் தொடங்கும். சுக்கான் பிடி கையில் லேசாக அதிரும். கால் வைக்கிற குழியில் தேங்கிய தண்ணீரைத் தரையில் இருக்கிற சின்ன அடைப்பான் 'சுர்ர்' என்று தானே உறிஞ்சி வெளியே விடும். அந்தச் சத்தத்துக்காகவே மறுநாள் வேலைக்கு முதுகுவலியோடு போயிருக்கிறேன். மோட்டார் வள்ளத்தில் இத்தனை வருடம் போன சித்தப்பாவை ஒருநாள் கரையில் நின்று பார்க்க வைத்தேன். "ஓட்டம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயில் இருந்து அது பெரிய வார்த்தை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். தனி ஆளாக, புதிதாகக் கற்றுக்கொள்ள இது ஏற்ற படகு இல்லை. இரண்டு பேர் போகிற, அகலமான, பின்பக்கம் உருண்ட ஏதாவது ஒன்றில் ஆரம்பியுங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், தருவதாக இல்லை. வேண்டுமானால் ஒரு சனிக்கிழமை வந்து ஓட்டிப் பாருங்கள், மாற்று உடுப்பு இரண்டு கொண்டுவாருங்கள்.

நேற்று பழுதுக்குப் பிறகு முதல் தடவையாகப் பொழியில் இறக்கினேன். ஒன்பது ஜைப், ஒன்றுகூட மாட்டவில்லை. பத்தாவது, கரைக்குத் திரும்புகிற கடைசி ஜைப், சித்தப்பா வலை தைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் எதிரே. அந்தச் சவம் போய் மாட்டியது. தொப்பலாகக் கரையேறி, கை துடைத்து, முதல் வேலையாகக் குளச்சலுக்குப் போன் போட்டு, "அண்ணே, வந்து உருட்டிவிடுங்க" என்றேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு கிரைண்டரோடு வருகிறார். காலையில் ஆறு மணிக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.