மறதி நோய்க்கு நாற்காலி, மனச்சோர்வுக்கு நடை

வயதானவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி என்றால் பெரும்பாலும் இரண்டுதான்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, இல்லையென்றால் நடை. எது நல்லது என்பது ஆளைப் பொறுத்தது.

டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவருக்கு முதலில் நாற்காலிதான். சுமார் 45 செ.மீ. உயரம், கைப்பிடி உள்ள கனமான மரநாற்காலி. நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கிப் பின்னால் போய்விடும். வேட்டி, சேலை நுனியைச் செருகிவிடுங்கள்.

எதிரே நீங்களும் உட்காருங்கள். "காலை இழுத்து, முன்னால சாய்ஞ்சு, கையை ஊன்றி எழுந்திருங்க" என்று அடுக்கினால் கடைசிச் சொல் வருவதற்குள் முதல் சொல் மறந்திருக்கும். செய்து காட்டுங்கள், பார்த்துச் செய்வார். வாய்ச்சொல்லுக்கு "எந்திரிங்கப்பா" போதும். பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தால் காலில் பலமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பாதம் முட்டிக்கு முன்னால் நீண்டிருக்கும். பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வருமளவு சாய்ந்தால் இடுப்பு தானாகக் கிளம்பும். காலை, மாலை 5 தடவை, பழகியபின் 10. மூச்சை அடக்காமலிருக்க இருவரும் உரக்க எண்ணுங்கள்.

நினைவு திரும்பும் என்று நம்பிச் செய்ய வேண்டாம். இங்கிலாந்தில் 494 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில் உடல் வலு கூடியது, மறதி குறையவில்லை. கழிப்பறையில் பிறர் கை பிடிக்காமல் எழ முடிந்தாலே பெரிய லாபம்.

மனச்சோர்வில் கணக்கே வேறு. சொல்வது புரியும், எழத்தான் மனம் வராது. "எக்சர்சைஸ் பண்ணலாம்" என்றால் "என்னை விடுங்க" என்பார்கள். "பால் வாங்கப் போறேன், கூட வாங்கம்மா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். பலருக்குக் காலையில்தான் மனம் அதிகம் கனக்கும். அப்படியானால் மாலைக்கு மாற்றுங்கள். முதல் வாரம் 5 நிமிடம், மெல்ல மெல்ல 30. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

சேலத்துச் சித்திரை வெயிலில் காலை நடை என்றால் 8 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். ஏற்காட்டில் ஏற்றத்தைவிட இறக்கத்துக்குப் பயப்பட வேண்டும், முட்டி மடங்குவது அங்கேதான். மழைக்காலத்தில் பாசி பிடித்த கற்படிகளை விட்டு வராந்தாவிலேயே நடக்கலாம். மறதி உள்ளவரையும் கூட்டிப்போனால் நடையின் நடுவே கேள்வி கேட்காதீர்கள். பதிலை யோசிக்கும்போது கால் தடுமாறும்.

எதைத் தொடங்கும் முன்பும் படுத்த நிலையிலும், நின்று 1, 3 நிமிடங்களிலும் பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் டாக்டரிடம் காட்டியபிறகே பயிற்சி. பிரஷர் மாத்திரையும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் இப்படித் தலைசுற்ற வைக்கும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற பேச்சு வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். டெலி மனஸ் எனும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் பேசலாம்.