அம்மாவின் கண்ணில் வைத்த மருந்துக் குச்சி: ஓசர்டெக்ஸ் அனுபவம்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் இடது கண் விழித்திரையின் நடுவில் நீர் கோத்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகமே கலங்கித் தெரிய ஆரம்பித்தது. கண்ணுக்குள் மாதம் ஒரு ஊசி என்று ஐந்து போட்டும், விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் வீக்கம் பெரிதாக வடியவில்லை. அப்புறம்தான் டாக்டர் ஓசர்டெக்ஸ் வைக்கலாம் என்றார்.

இது திரவ மருந்து இல்லை, குச்சி. நீளம் சுமார் 6 மி.மீ., கனம் அரை மி.மீ.கூட வராது, சீரகத்தைவிட மெலிசு. 0.7 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரோடு கலந்து இழுத்திருக்கிறார்கள். தானாகக் கரையும் தையல் நூல் இருக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பொருள்தான். கண்ணுக்குள் இருக்கும் ஈரத்தில் அது மெல்ல லாக்டிக் அமிலமாகவும் கிளைகாலிக் அமிலமாகவும் உடைய, உடைய மருந்து கசிந்துகொண்டே இருக்கும். குச்சியை வெளியே எடுக்கத் தனியாக ஆபரேஷன் வேண்டாம். தயிரில் இருக்கும் அமிலம்தான் அம்மா என்று சொன்ன பிறகே சம்மதித்தார்.

மரத்துப்போகச் சொட்டு, பெட்டாடின், ஒரு 'டக்' சத்தம், முடிந்தது. "ஊசியைவிட அழுத்தம் ஜாஸ்தி, வலி இல்ல" என்றார். சில நாள் கண்ணுக்குள் ஒரு கோடு மிதப்பதாகச் சொன்னார், அது குச்சிதான். மூன்றாவது வாரம் காலையில் தினக்காலண்டரில் ராகு காலத்தைத் தானே படித்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, குறைகள். ஆறு மாதம் வேலை செய்யும் என்று சொல்வதை அப்படியே நம்பித் திட்டம் போடாதீர்கள். முதல் இரண்டு மாதம் மருந்து நிறைய வெளியேறும், பிறகு வெறும் வால்தான். அம்மாவுக்கு நான்காம் மாதக் கடைசியிலேயே மறுபடி மங்கியது. விலையும் நாங்கள் போட்ட மாத ஊசியைவிடப் பல மடங்கு.

எனக்கு உண்மையான கோபம் கண் அழுத்தம் விஷயத்தில்தான். ஸ்டீராய்டு என்பதால் அழுத்தம் ஏறலாம், அதுவும் இரண்டாம் மாதவாக்கில் உச்சத்துக்குப் போகும். முதல் தடவை வைத்த ஆஸ்பத்திரியில் இதை யாருமே எங்களிடம் சொல்லவில்லை. வேறு காரியமாகப் போனபோது தற்செயலாகப் பார்த்ததில் அழுத்தம் 29 என்று அதிகமாகக் காட்டியது, சொட்டு மருந்தில் அடங்கியது. கவனிக்காமல் விட்டிருந்தால் பார்வை நரம்பே போயிருக்கலாம். வைத்துக்கொள்பவர்கள் ஆறு, எட்டு வாரத்தில் அழுத்தம் பார்க்கும் தேதியை அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் லென்சைத் தாங்கும் பையின் பின்பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்றும் கேளுங்கள், கிழிந்திருந்தால் குச்சி முன்பக்கம் நழுவி வந்து கருவிழியைக் கெடுத்துவிடலாம், அவர்களுக்கு இதை வைக்கவே கூடாது. சொந்த லென்ஸ் இருப்பவர்களுக்கோ புரை சீக்கிரம் வளரலாம்.

இதே பாலிமரை முப்பரிமாண அச்சில் வேண்டிய வடிவத்தில் அடித்து, எந்த மாதம் எவ்வளவு மருந்து வெளியேற வேண்டும் என்பதை வடிவத்தாலேயே தீர்மானிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. ஐந்தாம் மாதமும் முதல் மாதம் போலவே மருந்து தரும் குச்சி வந்தால் எவ்வளவு நிம்மதி.

அதுவரை எங்களுக்கு இதுதான். மாதாமாதம் ஊசி அறை வாசலில் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை போனால் போதும் என்பது சின்ன விஷயமில்லை. இரண்டாவது குச்சி போன மாதம் வைத்தாயிற்று, வேறு ஆஸ்பத்திரியில். அழுத்தம் பார்க்க வரும் செவ்வாய்க்கிழமை போகிறோம்.