அண்டர்கட் என்று சொல்லி தொடைக்கறியைத் தலையில் கட்டிவிட்டார்கள்

மாட்டிறைச்சியைப் பெரிய துண்டாக, முழுசாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் விசேஷம், 15 பேர். முழு டெண்டர்லாயின், அதாவது அண்டர்கட் எனும் மிருதுவான கறி, இரண்டு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, அதற்கான விலையையும் கொடுத்தேன். வந்தது கொழுப்பு, சவ்வு எல்லாம் எடுத்து, நூல் கட்டி, வாக்குவம் கவரில் அடைத்து, பாதி உறைந்த நிலையில் இரண்டு உருளைகள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2 கிலோ. கடைக்காரர் எவ்வளவு சுத்தமாகச் செய்து கொடுத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அந்தச் சுத்தத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஒன்றை ஓவனில் வைத்து, நடுவில் 55 டிகிரி வந்ததும் எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு வெட்டினேன். நிறம் அருமை. வாயில் வைத்தால் ரப்பர். ஒரு பெரியவர் மென்று மென்று பார்த்துவிட்டுக் கடைசியில் கைக்குட்டையை எடுத்தார், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருக்கணும் சார், சரியா வேகல" என்கிறார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நிஜ அண்டர்கட்டை அதிகமாக வேகவைத்தால் காய்ந்துதான் போகும், மிருதுவாகாது.

அவர் கொடுத்தது ஐ ஆஃப் ரவுண்ட், பின்னந்தொடையின் வெளிப்புறத்தில் இருக்கும் ஒற்றைத் தசை. மாடு நடக்கும் ஒவ்வொரு அடியிலும் வேலை செய்வது. அண்டர்கட் முதுகெலும்புக்கு அடியில், உள்பக்கமாகச் சும்மா படுத்திருக்கும், அதற்கு அதிக வேலையே கிடையாது, அந்த மிருதுவுக்குத்தான் அந்த விலை. கொழுப்பில்லாத நீள உருளை என்பதால் சுத்தம் செய்து கட்டிவிட்டால் இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும்.

ஆனால் வடிவம் பொய் சொல்லாது. அண்டர்கட் ஒரு முனையில் தடித்து, அங்கே பக்கவாட்டில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு, மறுமுனையில் வால் போல ஒடுங்கும். எனக்கு வந்தது தலையிலிருந்து கால் வரை ஒரே பருமன், உருட்டுக்கட்டை மாதிரி. வால் எங்கே என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அப்புறம் நார். தொடைக்கறியில் நார் தடிப்பாக, நீளவாக்கில் கண்ணுக்கே தெரியும்படி ஓடும், அண்டர்கட்டில் மெல்லியது. விரலால் அழுத்தினால் அண்டர்கட் அமுங்கும், தொடைக்கறி எதிர்த்துத் தள்ளும். பாதி உறைய வைத்துக் கொடுத்தால் இந்தச் சோதனையும் போச்சு, அதையும் யோசித்துத்தான் செய்தாரோ என்னவோ.

இதே வேலையை ரிப்ஐ, அதாவது விலாப்பக்கத்துக் கறி விஷயத்திலும் செய்யலாம். ரிப்ஐயும் தோள்பக்கத்து சக்கும் மாட்டின் உடம்பில் அடுத்தடுத்து இருப்பவை, எல்லையில் வெட்டினால் தேர்ந்தவருக்கே கொஞ்சம் குழப்பம். வெட்டிய முகத்தைப் பாருங்கள். ரிப்ஐயில் நடுவில் ஒரு பெரிய தசை, அதை ஓரமாக அணைத்தபடி இன்னொன்று. சக்கில் உள்ளே போகப்போகச் சின்னச் சின்னத் தசைகள் நாலைந்து, நடுநடுவே கொழுப்பும் சவ்வும். சக் மட்டமான கறி இல்லை, மணிக்கணக்கில் மெதுவாக வேகவிட்டால் அதன் சவ்வு கரைந்து குழம்பே கெட்டியாகும். ரிப்ஐ விலைக்கு விற்பதுதான் அயோக்கியத்தனம்.

இனிமேல் நான் நூல் கட்டியதை வாங்குவதில்லை. கொழுப்போடும் சவ்வோடும் முழுசாகக் காட்டுங்கள், என் கண் முன்னால் சுத்தம் செய்யுங்கள் என்று கேட்பேன். கழிவில் எடை நிறையப் போகும், போகட்டும்.

பணம் திரும்பக் கேட்டேன். பிரிக்காத உருளையையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, கடையை விட்டுப் போன கறி திரும்ப வராது என்றுவிட்டார். அது இப்போது என் ஃப்ரீசரில் கிடக்கிறது. பாதி உறைந்திருக்கும்போதே நாருக்குக் குறுக்கே காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவி, நல்ல சூட்டில் வதக்கினால் பல்லுக்கு வேலை குறையும், இந்த வாரம் அப்படித்தான் தீர்க்கப்போகிறேன்.