வாங்க முடியாத நேரத்தில் வீடு பார்க்கப் போனோம், 11 மாதச் சேமிப்பு போச்சு

எங்களுக்கு வீடு காட்டிய ஆப் நிறுவனத்திடமிருந்து நேற்று மாலை கடைசி பதில் வந்தது. "நிபந்தனைகளின்படி தொகையைத் திருப்பித் தர இயலாது." அவ்வளவுதான், ஒரே வரி. நானும் கணவரும் 11 மாதம் ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்துப் பிடித்துச் சேர்த்த பணம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்க இன்னும் நாள் இருக்கிறது, சும்மா பார்த்து வைப்போமே என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எப்போது பார்க்கத் தொடங்கலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் நிலைமை இதுதான். வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகை முதிர 10 மாதம் இருந்தது. கணவர் புது வேலையில் சேர்ந்து 2 மாதம்தான் ஆகியிருந்தது, வேலை நிரந்தரமாகாமல் அவர் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று வங்கியில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆக 10 மாதத்துக்கு முன்னால் எங்களால் வாங்கவே முடியாது. இதை அந்த ஆப் அனுப்பிய ஏஜென்டிடம் முதல் நாளே சொன்னோம், இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம். இப்போது "அப்படி எதுவும் நீங்கள் தெரிவிக்கவில்லை" என்கிறார்கள்.

வீடு விற்கிற விளம்பரங்களைப் போட்டு, காட்டுவதற்கு ஆளையும் அவர்களே அனுப்பும் ஆப் அது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

எப்படி நம்பினோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் வீட்டில் நடந்ததைச் சொன்னால் புரியும். எனக்கு அந்த வீடு பிடித்துவிட்டது, பிடித்ததை என் முகத்திலேயே ஏஜென்ட் பார்த்திருப்பார். ஆனால் அவர், "அக்கா, இது வேண்டாம், இந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டால் ஜில்லென்று ஈரம். உள்ளே ஓதம். விற்க வந்தவரே வேண்டாம் என்கிறாரே, இவர் நம்ம பக்கம்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். மூன்றாவது வீட்டில் அம்மாவின் சக்கர நாற்காலி குளியலறைக் கதவுக்குள் நுழையுமா என்று பையிலிருந்து டேப் எடுத்துக் குனிந்து அளந்தார். நாங்கள் கேட்கக்கூட இல்லை. நுழையும், இரண்டு விரல் இடம் மிச்சம் இருக்கும் என்றார். அம்மாவிடம் போய் அதையே சொன்னேன், அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பதை இப்போது நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அப்புறம்தான் அந்த வீட்டுக்கு டோக்கன், அதாவது வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் முன்பணம், பற்றிய பேச்சு வந்தது. "ஓனருக்கு அவசரமே இல்லைக்கா, ஒரு டோக்கன் போட்டு வெச்சா வேற யாருக்கும் காட்ட மாட்டோம், உங்க பணம் வர்றப்போ முடிச்சுக்கலாம், ஒருவேளை வாங்கலைன்னா அப்படியே திரும்பி வந்துடும்." 10 மாதம் ஒருவர் தன் வீட்டை எங்களுக்காகப் பூட்டி வைத்திருப்பாரா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அன்று இரவே ஆப் வழியாக 11 மாதச் சேமிப்பையும் அனுப்பினோம். பணம் போன பிறகுதான் மின்னஞ்சலில் ரசீது வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில், 90 நாளுக்குள் பத்திரப்பதிவு முடியாவிட்டால் தொகை திருப்பித் தரப்படாது என்று இருந்தது. உடனே போன் செய்தேன். "அது எல்லாருக்கும் போற ஃபார்மட்க்கா, உங்களுக்கு நான் பார்த்துக்கறேன்" என்றார். விட்டுவிட்டேன்.

10 மாதம் கழித்துத்தான் முடியும் என்று சொன்னவர்களுக்கு 90 நாள் கெடு. முடிக்க முடியாது என்று தெரிந்தே பணத்தை வாங்கியிருக்கிறார்கள். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல நினைக்கிறேன், வாங்கும் நிலைக்கு வராமல் வீடு பார்க்கிறவர்தான் இவர்களுக்கு வேண்டிய ஆள். வீடு கைமாற வேண்டாம், கெடு முடிந்தால் போதும்.

இடையில் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு வங்கியில் கடனுக்கு முன் ஒப்புதல் வேறு வாங்கினோம், என் சம்பளத்தை மட்டும் காட்டி. அந்தக் கடிதமும் 90 நாள்தான் செல்லும். காலாவதியாகி, கட்டிய கட்டணமும் போனது.

92ஆம் நாள் "முன்பதிவு ரத்து" என்று தகவல் வந்தது. ஏஜென்ட் முதலில் எடுத்தார், மேனேஜரிடம் பேசுகிறேன் என்றார். மேனேஜர் லீவு. அடுத்த வாரம் கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிடுவார்கள் என்றார், யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த முறை அக்கா போய் மேடம் ஆகிவிட்டது. பிறகு எடுப்பதே இல்லை. ஆப்பில் புகார் பதிந்தால் ஒரு எண் வரும், இரண்டு நாளில் "உங்கள் கோரிக்கை நிறைவு செய்யப்பட்டது" என்று வரும், திறந்து பார்த்தால் பதிலே இருக்காது. நான்கு முறை பதிந்தேன், நான்கு முறையும் இதேதான். அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் போனால் வாசலில் இருக்கும் பெண், பாவம், ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள் என்கிறார். இதற்கு நடுவில் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது, நாங்கள் டோக்கன் போட்ட ஆறாவது வாரத்திலேயே அவளுக்கு அதே வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். யாருக்கும் காட்டாமல் இருக்கத்தானே 11 மாதச் சேமிப்பைக் கொடுத்தோம்?

சரி, எப்போது தொடங்கலாம் என்று சொல்வதாக எழுதினேன். விரிவாக எழுதும் மனநிலை இல்லை. பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். முன் ஒப்புதல் கடிதம் எத்தனை நாள் செல்லும் என்று உங்கள் வங்கியில் கேளுங்கள், அந்த நாட்களுக்குள் பணமும் வந்துவிடும் என்றால்தான் விலை பேசவே உட்கார வேண்டும். அந்தக் கடிதம் இருந்தாலும் அந்த வீட்டின் பத்திரத்தையும் மதிப்பையும் பார்த்த பிறகுதான் கடன் உறுதி, அதையும் மறக்காதீர்கள். அதற்கு முன்னால் பார்க்கலாம், எந்தப் பகுதியில் என்ன விலை என்று தெரிந்துகொள்ளலாம், தப்பே இல்லை, ஆனால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். "திரும்பி வந்துடும்" என்று வாயால் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால். ரசீதின் எல்லாப் பக்கங்களையும் முதலிலேயே கேளுங்கள். டோக்கன் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வீட்டு உரிமையாளரை நேரில் பார்க்காமல் கொடுக்காதீர்கள், நாங்கள் இன்றுவரை அவரைப் பார்க்கவில்லை, அவருக்கு எங்களைப் பற்றித் தெரியுமா என்றுகூடத் தெரியாது.

தோழிக்கு அந்த வீட்டைக் காட்டக் கூப்பிட்ட செய்தி தேதியோடு இருக்கிறது. நாளை அதையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மறுபடி போகிறோம்.