ஐபோனா, ஆண்ட்ராய்டா: அட்டன் டவுனில் போன் வாங்குபவருக்கு

பழைய போன் ஓய்ந்துபோனதும் இரண்டைத்தான் யோசித்தேன். ஒன்று புது ஆண்ட்ராய்ட் போன், சாம்சங் கேலக்ஸி ஏ16. மற்றது, யாரோ பாவித்துவிட்டு விற்கும் ஐபோன் எக்ஸ்ஆர். நான் ஏ16ஐ எடுத்தேன்.

கேமரா, வேகம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வீடியோ எடுக்க ஐபோன் நல்லது, அதில் எனக்கு வாதமில்லை. சிம் விஷயம் அட்டன் இருக்கும் இலங்கை மலையகத்தில் கொஞ்சம் பெரியது. தேயிலைத் தோட்டத்தின் ஒரு டிவிஷனில் பிடிக்கும் சிக்னல் அடுத்த மேட்டைத் தாண்டினால் இருக்காது. அதனால் பலர் இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ஆரில் ஒரு கார்டும், கார்ட் இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் ஒரு இ-சிம்மும்தான். சீனா, ஹொங்கொங் பக்கம் விற்ற எக்ஸ்ஆரில்தான் இரண்டு கார்ட் போடலாம்.

ஆனால் முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை. உடைந்தால் எங்கே கொண்டுபோவது? அதுதான் கேள்வி. மழையில் வழுக்கும் படிக்கட்டும், ஆட்டோ குலுங்கும் தோட்ட ரோடும் உள்ள இடத்தில் போன் ஒருநாள் விழத்தான் செய்யும். சாம்சங் ஏ வரிசைக்கு டிஸ்ப்ளே டவுன் கடையிலேயே கிடைக்கும். காலையில் கொடுத்தால் பெரும்பாலும் பின்னேரம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.

ஐபோனின் வழி வேறு. 2018இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் தொடக்கம், ஆப்பிளுடையதல்லாத பற்றரி போட்டால் அது அசலா என்று உறுதிசெய்ய முடியவில்லை என செட்டிங்ஸில் அறிவிப்பு வரும். பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற கணக்கையும் பல வருடம் காட்டவில்லை. 2019இன் ஐபோன் 11 முதல் டிஸ்ப்ளேக்கும் அறிவிப்பு உண்டு. 2021இல் ஐபோன் 13 வந்த புதிதில், வெளிக் கடையில் டிஸ்ப்ளே மாற்றினால் முகம் பார்த்துப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடியே நின்றுபோனது, ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 15.2 பதிப்பில்தான் அதைச் சரிசெய்தார்கள். மாற்றிய பாகத்தைப் போனிலேயே சரிபார்த்துப் பொருத்தும் வசதி 2024இல் ஐஓஎஸ் 18உடன் வந்தது. ஆனால் அது ஐபோன் 12க்கு முந்தியவற்றுக்கு இல்லை. நம் காசுக்குக் கிடைப்பதோ அந்த முந்தியவைதான். அசல் பாகம்தான் வேண்டுமென்று கொழும்புக்கு இறங்கினால் ரயில் காசோடு ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய சம்பளமும், போய்விடும். தோட்டத்தில் வேலை செய்யும் வீட்டுக்கு அது சின்ன நட்டம் இல்லை.

அப்டேட்டில் ஆண்ட்ராய்ட் நீண்ட காலம் பின்தங்கியே இருந்தது. எக்ஸ்ஆர் ஐஓஎஸ் 12உடன் வந்து ஐஓஎஸ் 18 வரை போனது. 2025இன் ஐஓஎஸ் 26 அதற்குக் கிடைக்கவில்லை. ஏ16க்கு ஆறு வருட அப்டேட் என்று சாம்சங் சொல்லியிருக்கிறது. சொன்னபடி தருமா, அத்தனை வருடமும் போன் தடுமாறாமல் ஓடுமா என்பதை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். என்னுடையது இன்னும் புதிது.

விற்கும்போது ஐபோனுக்குத்தான் விலை நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை போன் மாற்றுபவருக்கு என் கணக்கு பொருந்தாது.

கட்டாரிலோ டுபாயிலோ இருக்கும் அண்ணன் தன் ஐபோனை அனுப்புகிறார் என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பார்சல் கட்டுவதற்கு முன்பே தொலைந்த போனைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’யை நிறுத்தி, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போனை அவர் கணக்கோடு பூட்டிவைக்கும் அக்டிவேஷன் லொக் விழும். அவருடைய பாஸ்வேர்ட் இல்லாமல் டவுன் கடைக்காரர் அதைத் திறந்துதர முடியாது.