எட்டு வருடம், ஆறு செட்: பேஸ் கிடார் கம்பி மாற்றிய கதை

2017-ல் பெங்களூரில் வாங்கிய யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 174 என்ற நான்கு கம்பி பேஸ் கிடார்தான் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. தர்மபுரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். முகூர்த்த மாதங்களில் ரிசப்ஷன், மாசியிலிருந்து ஆடி வரை மாரியம்மன் பண்டிகை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டணம், சில சமயம் ஓசூர் என்று டெம்போவில் சுற்றியதில் ஆறு செட் கம்பி போயிருக்கிறது.

முதல் ஒன்றரை வருடம் கம்பி மாற்றவே இல்லை. அறுந்தால்தானே மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். ஆறு கம்பிக் கிடார்காரர்களுக்கு அடிக்கடி அறுந்து தொலைக்கும், அதனால் அவர்களுக்குப் பழக்கம் வந்துவிடும். பேஸ் கம்பி அவ்வளவு சீக்கிரம் அறுந்துவிடாது, உயிரோடு இருந்துகொண்டே செத்துப்போகும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் வாசிக்கிறவன் காதுக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தது சுருதி காட்டும் ட்யூனரில்தான். கம்பியைச் சும்மா தட்டினால் சுருதி சரி, 12-வது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்தினால் விலகுகிறது. கம்பியின் அடிமுனை உட்காரும் பிரிட்ஜில் எவ்வளவு திருகியும் நிற்கவில்லை. ஒரு நாள் கம்பியைத் தளர்த்தி அடிப்பக்கம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். ஃப்ரெட் படும் இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளம், நகம் மாட்டுகிற அளவுக்கு. பேஸ் கம்பி என்பது நடுவில் ஓர் எஃகுக் கம்பி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி. அந்தச் சுற்றுகளுக்கு நடுவே வியர்வையும் தோலும் செம்மண் புழுதியும் போய் அடைத்துக்கொள்ளும். அழுக்கு ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் கம்மி என்றால் கம்பியின் கனம் சீராக இருக்காது. கனம் சீரில்லாத கம்பி சுருதியில் நிற்காது.

நம் ஊர்ப் பண்டிகை மேடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தடித்த ஈ கம்பியின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ் சொச்சம். ஊரில் கட்டுகிற பாக்ஸ் பாதிக்கு அந்த ஆழம் எட்டவே எட்டாது. ஜனங்கள் காதில் விழுவது அதற்கு மேலே இருக்கிற 82, 123 ஹெர்ட்ஸ் மாதிரியான துணைநாதங்கள்தான். கம்பி பழசானால் முதலில் மங்குவது மேலே இருக்கிற நாதங்கள். மேடையில் நான் வியர்க்க வியர்க்க வாசித்தாலும் கீழே நிற்பவனுக்கு என்ன சுரம் என்றே பிடிபடாது, தூரத்தில் லாரி போகிற மாதிரி ஓர் உறுமல்தான் கேட்கும்.

சரி, மாற்றுவோம் என்று 2018-ல் 45-65-80-100 அளவில் நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட் (மேல்சுற்று உருண்டைக் கம்பி) செட் ஒன்று வாங்கினேன். இந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. அதாவது ஈ கம்பி 0.100 அங்குலத் தடிமன். பாலக்கோடு பக்கம் ஒரு கச்சேரி, அதற்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். ஈ கம்பியைப் பிரிட்ஜில் கோத்து, ட்யூனிங் கீயின் தண்டு வரை இழுத்து, கையோடு கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டேன். வெட்டிய பிறகுதான் பார்க்கிறேன், தண்டைத் தாண்டி இரண்டு விரற்கடைகூட மிச்சமில்லை. அரைச் சுற்று வந்ததும் 'டொய்ங்' என்று உருவிக்கொண்டது. மடக்காமல் வெட்டியதால் மேல்சுற்று வேறு நுனியிலிருந்து பிரிய ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரத்தில் தர்மபுரியில் எந்தக் கடை? பகலாகவே இருந்தாலும் இங்கே கிடைப்பது ஆறு கம்பி செட்தான். பேஸ் கம்பிக்குத் தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போக வேண்டும், இல்லையென்றால் பெங்களூர். கழற்றிப் போட்ட பழைய ஈ கம்பியை எடுத்து, சமையலறையில் குண்டானில் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா இது, ரசமா? அந்தக் குண்டானை இனிமே நான் தொடமாட்டேன்" என்றார். துணியில் அழுத்தித் துடைத்து, ஃபேன் அடியில் காயவைத்து மாட்டினால், நம்ப மாட்டீர்கள், புதுக் கம்பிக்கு முக்கால்வாசி சத்தம் வந்தது. மூன்று கச்சேரி தாங்கியது, அப்புறம் பழையபடி. அழுக்குதான் போகும், பள்ளம் போகாது. ஈரம் தங்கினால் துருவும் பிடிக்கும். அவசரத்துக்கு மட்டும் செய்யுங்கள், வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரம் பெங்களூர் போய் ஈ கம்பி ஒன்று மட்டும் தனியாக வாங்கிவந்தேன். குண்டானும் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான். கம்பியை நேராக இழுத்து, தண்டைத் தாண்டி அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட, 12 செ.மீ. போல விட வேண்டும். அந்த இடத்தில் செங்குத்தாக மடக்கி, மடக்கிய பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும். வெட்டிய நுனியைத் தண்டின் நடுத் துளைக்குள் இறக்கி, சுற்றுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்குகிற மாதிரி சுற்ற வேண்டும். தடித்த கம்பிக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று போதும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சுருதி நழுவிக்கொண்டே இருக்கும். மாட்டியதும் ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக மேலே இழுத்து இழுத்து விட்டு, மூன்று நான்கு தடவை ட்யூன் செய்தால்தான் அடங்கும்.

நான்கையும் ஒரேயடியாகக் கழற்ற மாட்டேன். நான்கும் சேர்ந்து கழுத்தை 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன, உள்ளே இருக்கிற ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஃப்ரெட்போர்டு துடைக்க வேண்டும் என்று கழற்றுகிறவர்கள் உண்டு, உடனே மாட்டிவிட்டால் ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் மனசு வராது.

ரகங்களுக்கு வருகிறேன். மூன்றாவது செட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1960-களில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பி நிறுவனம், தி ஹூ ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து உருவாக்கிய கணீர் சத்தம் இந்த வகையில்தான் வந்தது. ராக் வாசிக்கிறவர்களுக்குச் சொர்க்கம். எங்கள் மேடையில் கீபோர்டு அண்ணன் முதல் பாட்டு முடிந்ததும் திரும்பி, "தம்பி, உண்டியல்ல சில்லறை குலுக்குற மாதிரி இருக்குப்பா" என்றார். விரல் நகரும்போதெல்லாம் கீச் கீச் என்று மைக் வரை கேட்டது. ஆறு மாதத்தில் மங்கினபோது எனக்குச் சந்தோஷம்தான்.

கொரோனாவுக்குப் பிறகு கையில் காசில்லாமல் வாங்கிய நாலாவது செட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. விலை பாதி, ஆயுள் இரண்டு மாதம். ஐந்தாவது, மெல்லிய உறை பூசிய வகை. வியர்வை உள்ளே போகாததால் பதினோரு மாதம் நன்றாக உழைத்தது. விரல் தட்டுகிற இடத்தில் மட்டும் உறை நூல் நூலாகப் பிரிந்தது, சத்தத்தில் குறை தெரியவில்லை. சித்திரை வெயிலில் கை கசகசத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

2023-ல் ஃப்ளாட்வவுண்டுக்கு மாறினேன். டி'அடாரியோ குரோம்ஸ், அதே 45-100. சுற்றுக் கம்பி உருண்டையாக இல்லாமல் பட்டையாக இருப்பதால் மேல்பரப்பு வழவழவென்று இருக்கும், அழுக்கு அடையப் பள்ளமே இல்லை. விலை இரண்டு மடங்கு, மனைவியிடம் பாதிதான் சொன்னேன். மாட்டிய மறுநாள் கம்பி ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்து நின்றது. இழுவிசை கூடியதால் கழுத்து முன்பக்கம் வளைந்திருந்தது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளி பார்த்தேன். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் போதும், எனக்கு மூன்று கார்டு நுழைந்தது. ட்ரஸ் ராடை ஆலன் கீயால் கால் திருகு, ஒரு ராத்திரி விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டு முழுத் திருகு திருகினால் ராட் போய்விடும்.

முதல் பத்து நாள் எனக்கே சந்தேகம்தான், போர்வைக்குள் வாசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு ஆம்பில் நடுப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். பழைய மெலடி பாட்டுகளுக்கு அந்த உருண்டையான 'தும்' அப்படியே உட்கார்ந்தது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்துக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த வகைக் கம்பியை மாட்டிவிட்டு வருடக்கணக்கில் மாற்றவே மாட்டாராம் என்று படித்தபோது சிரித்தேன். இப்போது எனக்கும் இரண்டு வருடம் தாண்டிவிட்டது, 12-வது ஃப்ரெட் சுருதி இன்னும் நகரவில்லை. குத்துப் பாட்டுக்கு மட்டும் வேகம் பத்தாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ரவுண்ட்வவுண்ட் தான்.

ரவுண்ட்வவுண்ட் போடுகிறவர்கள் வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பிக்கு அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் எந்த பிராண்டும் கொடுக்காத இரண்டு மாதத்தை அந்தப் பழைய வேட்டித் துண்டு கொடுத்தது. பண்டிகைக்குப் புதுக் கம்பி என்றால் முந்தின நாள் மாட்டாதீர்கள், பத்து நாள் முன்னாலேயே மாட்டிவிடுங்கள்.

கழற்றுகிற கம்பியைத் தூக்கிப் போடுவதில்லை, ஈ, ஏ, டி, ஜி என்று சீட்டு ஒட்டிச் சுருட்டி வைப்பேன். போன ஆடியில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கச்சேரிக்கு வந்த இன்னொரு குழுப் பையனுக்கு மேடை ஏறும் நேரத்தில் ஈ கம்பி பிரிட்ஜ் பக்கம் பிய்த்துக்கொண்டது. பையின் அடியில் தேடினேன். 2018-ல் குண்டானில் வெந்த அந்தப் பழைய கம்பிதான் கையில் சிக்கியது. "அண்ணா, இது தாங்குமா?" என்றான். மாட்டிக் கொடுத்தேன். பதினெட்டு பாட்டு வாசித்துவிட்டு, திருப்பித் தராமலே போய்விட்டான்.